மூன்று மணிக்குக் கல்லே: எதிர் வீட்டு அம்மா ஏன் அப்படி அமைதியாகிவிட்டார்?

உப்சாலா_அம்மா, டிசம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். ஸ்வீடனுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. போன வருஷம் டிசம்பரில் ஊருக்குப் போய்விட்டோம், அதனால் இங்கே எங்களுக்கு இதுதான் முதல் கிறிஸ்துமஸ். இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

எங்கள் மாடியில் எதிர் வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். வந்த நாளிலிருந்து எங்களிடம் அவ்வளவு பிரியம், குப்பையை எப்படிப் பிரித்துப் போடுவது என்பதிலிருந்து குழந்தைகளுக்கு எந்தக் குளிருக்கு எந்த உடுப்பு என்பது வரை அவர்தான் சொல்லித் தந்தார். 24ஆம் தேதி குடும்பத்தோடு வரச் சொன்னார், அவருடைய மகனும் பேரப்பிள்ளைகளும் வருகிறார்களாம். ஒரு சீட்டில் 14.30 என்று எழுதி, கீழே "மூன்று மணிக்குக் கல்லே" என்று அடிக்கோடு போட்டுத் தந்தார். கல்லே என்று ஒருவர் விருந்துக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சின்னவனுக்கு நாலு வயது, மதியம் தூங்குவான், அதனால் மூன்றேகாலுக்கு வந்துவிடுகிறோம் என்றேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே மாறிவிட்டது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்படியானால் நாலு மணிக்கு மேல் வாருங்களேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது, அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டாவது, மகள் ஒன்றாம் வகுப்பு. டிசம்பர் பிறந்ததிலிருந்து காலையில் வகுப்பில் எல்லோரும் "காலண்டர்" பற்றியே பேசுகிறார்களாம், நேற்று என்ன நடந்தது, திருடியது யார் என்று. இவளுக்கு ஒன்றும் புரிவதில்லை, ஓரமாக நிற்கிறாளாம். அது டிவி தொடர் என்று ஆசிரியை சொன்னார். ஒன்பது நாள் போய்விட்டது, இனிமேல் ஆரம்பித்தால் பிரயோஜனம் உண்டா? வீட்டில் டிவி கிடையாது, கணினி மட்டும்தான்.

வெஸ்டெரோஸ்_மாமா, டிசம்பர் 9

தங்கச்சி, நீங்கள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை, தெரியாமல் சொன்னதுதான். ஆனால் அந்த அம்மாவின் மனம் எங்கே சுருங்கியது என்று எனக்கு நன்றாகப் புரிகிறது.

கல்லே ஆங்கா என்றால் டொனால்ட் டக். இங்கே அந்த வாத்துக்கு அதுதான் பெயர், 1948இலிருந்து அந்தப் பெயரில் படக்கதைப் புத்தகமும் வருகிறது. ஒவ்வொரு டிசம்பர் 24ஆம் தேதியும் பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு மணித்தியாலம், டிஸ்னியின் பழைய கார்ட்டூன் துண்டுகளைத் தொகுத்துப் போடுவார்கள். "கல்லே ஆங்காவும் நண்பர்களும் நல்வாழ்த்துச் சொல்கிறார்கள்" என்பது போல அதன் பெயர் வரும். அறுபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. ஒரு கோடியை ஒட்டிய சனத்தொகை உள்ள நாட்டில் சில வருஷங்களில் நாற்பது இலட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு மணித்தியாலம் தெருவில் காரே ஓடாது. சாப்பாடு கல்லேக்கு முன்னா பின்னா, கிறிஸ்துமஸ் தாத்தா கல்லே முடிந்து எத்தனை மணிக்குக் கதவைத் தட்டுவார், எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான். இங்கே பரிசு பிரிப்பது 24ஆம் தேதி பின்னேரம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நாங்கள் வந்தது 1989இல். அந்த முதல் வருஷம் ஒரு ஸ்வீடிஷ் குடும்பம் எங்களைக் கூப்பிட்டது. மூன்று மணிக்கு முன்னமே வெளியில் இருட்டிவிட்டது, அறையில் மெழுகுதிரியும் ரீவி வெளிச்சமும்தான். வீட்டுக்காரரின் தகப்பனார், ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசாத மனிதர், ரீவிக்கு முன்னால் இருந்துகொண்டு படத்தில் குரல் வருவதற்கு அரை விநாடி முன்னால் அந்த வசனத்தைத் தான் சொல்கிறார். சிண்ட்ரெல்லாவுக்கு எலிகள் சட்டை தைக்கிற இடத்தில் "கெதியா, கெதியா" என்று எலிக் குரலில் சொன்னார். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆனால் யாரும் வாயைத் திறந்து வேறு கதை கதைக்கவில்லை. எனக்கு அப்போது ஸ்வீடிஷ் ஒரு சொல் தெரியாது. மிக்கியும் கூஃபியும் வண்டிவீட்டில் போவார்கள், கூஃபி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சாப்பிட வந்து உட்காருவான், மலைப்பாதையில் வண்டி தானாக ஓடும். அதற்குப் பாஷை எதற்கு? நானும் அந்தக் கிழவரும் ஒரே இடத்தில் சிரித்தோம்.

இதில் கதை சொல்கிற குரல் பெங்க்ட் ஃபெல்ட்ரைக் என்பவருடையது. அவர் அறிவியல் செய்தியாளர், நோபல் பரிசு வாங்கியவர்களை உட்கார வைத்துப் பேசுகிற நிகழ்ச்சி நடத்தியவர். ஆனால் சனத்துக்கு அவர் பினோக்கியோ படத்தில் வரும் அந்தப் பாச்சைப்பூச்சியின் குரல்தான். 2019இல் காலமானார், குரல் அப்படியே இருக்கிறது, முடிவில் நட்சத்திரப் பாட்டை அவர்தான் பாடுகிறார்.

ஆகவே மூன்றேகாலுக்கு மணி அடித்தால், அந்த அம்மா எழும்பிக் கதவு திறந்து, உங்கள் கோட்டு வாங்கி மாட்டி, தேத்தண்ணி கேட்க வேண்டும். விருந்தாளியைக் கவனிக்காமல் விடவும் மாட்டார், கல்லேயை விடவும் மாட்டார். அதனால்தான் நாலு மணி என்றிருக்கிறார். போய்ச் சொல்லுங்கள், இரண்டரைக்கே வருகிறோம் என்று. சின்னவன் அன்றைக்கு ஒரு நாள் தூங்காவிட்டால் பரவாயில்லை.

பாலர்பள்ளி_தேன்மொழி, டிசம்பர் 9

மாமா எல்லாம் சொல்லிவிட்டார், நான் காலண்டர் பற்றிச் சொல்கிறேன். கோதென்பர்க்கில் ஒரு பாலர் பள்ளியில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன், டிசம்பர் மாதக் காலைகள் எனக்கு நல்ல பழக்கம்.

இதற்கு யூல்கலேண்டர் என்று பெயர். டிசம்பர் 1இலிருந்து 24 வரை தினமும் ஒரு பகுதி, கால் மணி நேரம் போல இருக்கும். 1957இல் வானொலியில் தொடங்கி 1960இல் டிவிக்கும் வந்தது, வானொலியிலும் இன்றைக்கும் தனியாக ஒரு கதை வருகிறது. ஒவ்வொரு வருஷமும் புதுக் கதை, புது நடிகர்கள். ஒரு வருஷம் பேய் உலவும் மாளிகை, ஒரு வருஷம் பூதங்கள், ஒரு வருஷம் திருட்டையே குலத்தொழிலாக வைத்திருக்கும் குடும்பத்தில் நேர்மையாக இருக்க ஆசைப்படும் ஒரு பையன். இதோடு கூடவே கதவு வைத்த அட்டைக் காலண்டரும் அச்சடித்து விற்பார்கள். அன்றன்றைய கதவைத் திறந்தால் உள்ளே ஒரு படம், அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு என்ன நடக்கப் போகிறது என்று குழந்தைகள் ஊகிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு கதவுதான். எங்கள் வகுப்பில் முந்தின வருஷம் ஒரு பையன் 24ஆம் கதவின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் குற்ற உணர்ச்சி தாங்காமல் மூன்று நாள் கழித்து என்னிடம் வந்து காதில் சொன்னான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் போனது ஒரு விஷயமே இல்லை. டிவி வேண்டாம், பொதுத் தொலைக்காட்சியின் இணையதளமான எஸ்விடி பிளேயில் முதல் பகுதியிலிருந்து எல்லாம் இருக்கும், கட்டணம் எதுவும் இல்லை (2019இலிருந்து அது வரியோடேயே போய்விடுகிறது), விளம்பரமும் கிடையாது. ஒன்பது பகுதி என்றால் மொத்தமே இரண்டேகால் மணி நேரம், சனி ஞாயிறில் முடித்துவிடலாம். ஸ்வீடிஷ் வசன வரியைப் போட்டுவிடுங்கள், மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது, காதும் கண்ணும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். நீங்களும் கூட உட்காருங்கள். நான் பேசக் கற்றதில் பாதி அப்படித்தான், பாடப் புத்தகத்தில் வராத "அட போடா", "சும்மா இரு" எல்லாம் அங்கேதான் கிடைத்தது.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விட்ட பகுதிகளைப் பிடித்த பிறகு, மீதியை மொத்தமாகப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். மறுநாள் காலை உடுப்பு மாற்றும் இடத்தில், ஒரு கால் பனிச் சப்பாத்திலும் ஒரு கால் வெளியிலுமாக நின்றுகொண்டு குழந்தைகள் பேசுவார்களே, உங்கள் மகள் அங்கேதான் ஓரமாக நிற்கிறாள். எல்லோருக்கும் அதே அளவு கதைதான் தெரியும், அதனால் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம்.

உப்சாலா என்பதால் இன்னொன்று. வாலில்லாப் பூனை பெல்லேவின் கதை உங்கள் ஊரில் நடப்பதுதான், 1997இல் அதுவே யூல்கலேண்டராக வந்தது.

லுண்ட்_வாசகி, டிசம்பர் 10

கொஞ்சம் மாறுபட்டு ஒன்று சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லே பார்ப்பது நல்லதுதான், ஆனால் பார்க்காவிட்டால் குழந்தை ஏதோ இழந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது ஏன் இவ்வளவு பெரிதாயிற்று என்று பார்த்தால் காரணம் எளிமையானது. 1969 கடைசி வரை இந்த நாட்டில் ஒரே ஒரு சானல். டிஸ்னி கார்ட்டூன் வீட்டில் பார்க்கக் கிடைத்த நேரமும் மிகக் குறைவு. வருஷத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதை யார் விடுவார்கள்? அன்றைய குழந்தைகள் இன்றைக்குத் தாத்தா பாட்டி. எதிர் வீட்டு அம்மாவும் அந்த வயதுதான். அவருக்கு அது ஏழு வயதின் மாலை நேரம், உங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு கார்ட்டூன். இரண்டும் உண்மைதான்.

மாற்ற முயன்றும் பார்த்திருக்கிறார்கள். 1982இல் பூவை முகர்ந்துகொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் காளை ஃபெர்டினாண்டை எடுத்துவிட்டு அசிங்கமான வாத்துக் குஞ்சைப் போட்டார்கள். நாடே எதிர்த்தது, அடுத்த வருஷம் காளை திரும்பி வந்துவிட்டது. 2012இல் சாண்டாவின் பட்டறைக் காட்சியில் கறுப்பினப் பொம்மையைக் கேலியாகக் காட்டும் இடத்தை டிஸ்னி வெட்டியபோதும் சத்தம் போட்டார்கள். அந்த வெட்டு சரி என்றே நான் நினைக்கிறேன். என் மகளும் அதே திரையைத்தான் பார்க்கிறாள், தன்னைப் போன்ற நிறத்தைப் பார்த்து எல்லோரும் சிரிப்பதை அவள் பார்க்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் அன்றைய நாளின் முத்து கல்லே இல்லை, அதற்கப்புறம் வரும் கார்ல்-பெர்டில் யோன்சன் என்ற கார்ட்டூன் படம். 1975இல் பேர் ஓலின் என்பவர் வரைந்தது, கதையும் குரலும் டாகே டானியெல்சன். பதினாலு வயதுப் பையன், அப்பாவுக்குப் பெரிய கடை, இவன் விடுமுறையில் அஞ்சலகத்தில் பார்சல் பிரிக்கிறான். பணக்காரர்களுக்குப் போகும் பரிசுகளை எடுத்து ஏழைகள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறான். யார் பணக்காரர் என்று அவன் பார்ப்பது வரிக் கணக்குப் புத்தகத்தில்! விஷயம் தெரிந்ததும் அப்பா அதிர்ந்துபோய், வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைக்கிறார். அவர் எதிர்பார்த்த மாதிரி அங்கே ஒன்றும் நடப்பதில்லை, அதைப் படத்திலேயே பாருங்கள். மொழி கொஞ்சம் பழையது, ஏழு வயதுக்கு நீங்கள் கூட இருந்து சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அது முடிந்த பிறகு பிள்ளைகள் கேட்ட கேள்விகள், "திருடியது தப்புதானே, அப்புறம் ஏன் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்பதில் தொடங்கி, தூங்கும்வரை ஓயவில்லை.

வெஸ்டெரோஸ்_மாமா, டிசம்பர் 10

வெட்டினது சரிதான் தங்கச்சி, அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் "இன்னொரு கார்ட்டூன்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மூத்தவன் 1991இல் ஏழு வயது, இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளை. தமிழ் வீட்டில் பிறந்து தமிழ்ச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவன், 24ஆம் தேதி மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் அந்த வசனங்களைச் சொல்கிறான், நான் 1989இல் கேட்ட அதே எலிக் குரலில். தாத்தா பாட்டி காலத்து நினைவு அவனுக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்தில் யாரோ இருந்து பார்த்தார்கள், அதனால் வந்தது.

உப்சாலா_அம்மா, டிசம்பர் 25

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

10ஆம் தேதி சாயங்காலமே எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, எனக்குக் கல்லே யார் என்று தெரியாது அம்மா, இரண்டரைக்கே வருகிறோம் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் உள்ளே போய் ஒரு பழைய பச்சைத் தலையணையை எடுத்து வந்து காட்டினார், சின்னவன் உட்காருவதற்கு, டிவிக்கு நேர் முன்னால் தரையில். அவருடைய மகன் சின்ன வயதில் அதில்தான் உட்காருவாராம்.

காலண்டர் அந்த வார இறுதியிலேயே பிடித்துவிட்டோம். பதினைந்தாம் தேதி வாக்கில் மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றாமலே, "திருடன் யார் என்று நான் சொன்னதைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள்" என்றாள்.

நேற்று மூன்று மணி. முதலில் டிவியில் ஒருவர் மெழுகுவத்தி ஏற்றினார், வீட்டிலும் ஏற்றினார்கள். முன்பெல்லாம் ஆர்னே வைஸே என்பவர் 1972இலிருந்து 2002 வரை வந்து ஏற்றுவார் என்று சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் குரல் கம்மிவிட்டது. சின்னவன் தூங்குவான் என்று பயந்தேன், கண்ணை இமைக்கவில்லை. காளை தேனீ மேல் உட்காரும் இடம் வந்ததும் அந்த அம்மா குனிந்து அவன் தோளில் கை வைத்து, "இப்போ பார், இப்போ பார்" என்றார், அறுபது வருஷமாகப் பார்ப்பவர் முதல் தடவை பார்ப்பது மாதிரி. காளை துள்ளிக் குதித்தது, இவன் தலையணையோடு புரண்டு சிரித்தான். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னான். அடுத்த வருஷம்தான் என்றார் பேரன். அடுத்த வருஷம் என்றால் எத்தனை தூக்கம் என்று கேட்டு வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை.

லுண்ட்_வாசகி, கார்ல்-பெர்டிலும் பார்த்தோம். மகள் கேட்ட முதல் கேள்வி நீங்கள் எழுதியதேதான்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு டிவி வாங்க வேண்டும், எந்த அளவு வாங்கலாம் என்று தனித் திரி போடுகிறேன்.