டன்னலிங் கணக்கில் விடை இடிக்கிறது, நாளைக்கு இன்டர்னல்

கோத்தகிரி_பிசிக்ஸ்: தன் ஆற்றலைவிட உயரமான பேரியரை (ஆற்றல் தடுப்பை) எலக்ட்ரான் ஊடுருவிக் கடக்கும் நிகழ்தகவுக் கணக்கு. எனக்கு 0.010 வருகிறது, விடைத்தாளில் 0.040. திரும்பத் திரும்பப் போட்டாலும் அதேதான். எங்கே தப்பு? அவசரம்.

கூடலூரான்: தடுப்பின் உயரம், அகலம், எலக்ட்ரானின் ஆற்றல் எதையுமே சொல்லவில்லை. ஜோசியமா பார்க்க முடியும்?

குன்னூர்_மணி: ஹெச் பார் (பிளாங்க் மாறிலி ஹெச்-ஐ 2π-யால் வகுத்தது) வரும் இடத்தில் வெறும் ஹெச் போட்டிருப்பீர்கள். பந்தயம் கட்டுகிறேன்.

முத்தோரை_வாத்தியார்: சூத்திரத்தில் எண்ணைத் திணிப்பதோடு சரி இந்தக் காலத்துப் படிப்பு. ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாட்டைத் தடுப்புக்கு முன், உள்ளே, பின் என மூன்று பகுதிக்கும் எழுதி, இரண்டு எல்லையிலும் அலைச்சார்பையும் அதன் வகைக்கெழுவையும் பொருத்திப் பார்த்ததுண்டா?

கோத்தகிரி_பிசிக்ஸ்: உயரம் 10 எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் 5, அகலம் 0.2 நானோமீட்டர். கப்பா (தடுப்புக்குள் அலை தேயும் வீதம்) நானோமீட்டருக்கு 11.46. மழையில் நெட் வந்து வந்து போகிறது.

கூடலூரான்: மணி அண்ணா, ஹெச் போட்டிருந்தால் கப்பா ஆறு மடங்குக்கு மேல் குறைந்து விடை 0.5 பக்கம் போயிருக்கும். கப்பா சரிதான். தம்பி, அகலத்தால் பெருக்கி இரட்டித்தால் 4.58. மைனஸ் 4.58-க்கு எக்ஸ்பொனென்ஷியல் 0.0102. அங்கேயே நிறுத்திவிட்டாய். முன்னால் 16 × 0.5 × 0.5 = 4 இருக்கிறது, பெருக்கினால் 0.041. அதுவும் தோராயம்தான். தடுப்பு இவ்வளவு ஒல்லியாக இருந்தால் ஹைப்பர்பாலிக் சைன் வரும் முழுச் சூத்திரத்தைப் போடு.

குன்னூர்_மணி: அது சரி, தாண்டிய எலக்ட்ரானுக்கு ஆற்றல் குறையுமே? மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறி வரும் பஸ்ஸுக்கு டீசல் குறையாதா?

முத்தோரை_வாத்தியார்: பஸ் ஏறுகிறது. எலக்ட்ரான் எங்கே ஏறியது? இரு பக்கமும் அலைநீளம் ஒன்றே, அதனால் ஆற்றலும் ஒன்றே. குறைவது அலையின் வீச்சு.

குன்னூர்_மணி: நான் சொன்னது வேவ் பாக்கெட்டை சார், பல ஆற்றல் அலைகள் சேர்ந்த பொட்டலத்தை.

கூடலூரான்: அதில் உங்கள் கணக்குக்கு நேர் எதிர், அண்ணா. ஆற்றல் கூடிய கூறுகள்தான் அதிகம் கடக்கும். வெளியே வரும் பாக்கெட்டின் சராசரி ஆற்றல் சற்றுக் கூடவே இருக்கும்.

கோத்தகிரி_பிசிக்ஸ்: 0.0401 வந்துவிட்டது. நன்றி. கரன்ட் இல்லை, போன் அணையப் போகிறது.

முத்தோரை_வாத்தியார்: தடுப்பு தடிக்கத் தடிக்க, பாக்கெட் கடக்கும் நேரம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது என்று 1962-லேயே ஹார்ட்மன் காட்டிவிட்டார். அதையாவது படித்தீர்களா?

குன்னூர்_மணி: அப்போ ஒளியையே முந்துமா?

முத்தோரை_வாத்தியார்: முந்தாது. வெளியே வரும் முகடு, உள்ளே போன அதே முகடு அல்ல. இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.