பொருள்: சோஷியல் அக்கவுண்டபிலிட்டி, தமிழில்? (திங்கள் அச்சுக்குப் போகிறது)

குழு நண்பர்களுக்கு வணக்கம்.
எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் கருத்துக் கேட்க ஒரு வினாத்தாள் தயாராகிறது. 'சமூகப் பொறுப்பு' என்று போட்டு சிலரிடம் கொடுத்துப் பார்த்தேன். ரத்ததான முகாம், மரம் நடுதல் என்று எழுதிவிட்டார்கள். நான் கேட்பது மாணவரின் நல்ல மனதை அல்ல. கல்லூரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை. ரெஸ்பான்சிபிலிட்டி (கடமையை உணர்வது), ரெஸ்பான்சிவ்னெஸ் (மக்கள் தேவைக்கேற்பச் செயல்படுவது), அக்கவுண்டபிலிட்டி (செய்ததற்குப் பதில் சொல்வது) என்று மூன்று படியாகப் பிரிக்கிறார் மருத்துவக் கல்வி அறிஞர் சார்லஸ் போலன். மூன்றுக்கும் சொல் வேண்டும்.
– மதுரை

> மூன்றுக்கும் சொல் வேண்டும்
கடைசிக்குக் 'கடப்பாடு' இருக்கிறதே! கல்வி, ஆய்வு, சேவை மூன்றையும் மக்களின் முதன்மையான நலத் தேவைகளை நோக்கித் திருப்புவது கல்லூரியின் கடமை என்பதுதான் 1995இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வரையறை. கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே வேர். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற புறநானூற்றுப் பாட்டில் தந்தை, கொல்லன், வேந்தன் எல்லோருக்கும் கடன் உண்டு. மருத்துவக் கல்லூரி விட்டுப்போனது ஒன்றுதான் குறை.
– திருநெல்வேலி

ஐயா, 'கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு' என்கிறது குறள். மழையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நமக்கு வேண்டியது கணக்குக் கேட்கிற சொல். எங்கள் பக்கம் பத்திரிகை வாசிக்கிற எல்லாருக்கும் 'பொறுப்புக்கூறல்' தெரியும்.
தூய தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல்: மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் வைத்தியர் காலத்து நூலொன்றின் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' (உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம் பற்றியது). அதை வைத்தும் படித்து வைத்தியரானார்கள்.
– யாழ்ப்பாணம்

இதுவரை படிக்க மட்டுமே செய்தவன், மூன்றாம் ஆண்டு மாணவன். மருத்துவ மாணவர்கள் சில குடும்பங்களின் நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் போன வாரம் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனேன். அரிசி டப்பாவுக்குள்ளிருந்து சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, "போன தடவை வந்த புள்ள எல்லாத்தையும் எழுதிட்டுப் போச்சே, அது என்னாச்சு?" என்று கேட்டார். என்ன ஆகும்? லாக்புக்கில் கையெழுத்து வாங்கியதோடு முடிந்தது. அவர் கேட்டதுதானே இந்தச் சொல்? 'பதிற்பொறுப்பு' எனலாமா?
– கோவை

தம்பி, பொருள் சரி. ஆனால் 'பதில்' அரபிலிருந்து வந்தது. 'விடைப்பொறுப்பு' என்று மாற்றலாம்.
– திருநெல்வேலி

விடை என்றால் எங்கள் வகுப்பில் யூனிவர்சிட்டி பரீட்சைதான் ஞாபகம் வரும், ஐயா.
– கோவை

நாளை காலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். பொறுப்பு, செவிசாய்ப்பு, பொறுப்புக்கூறல் என்று போடுகிறேன். எதிர்ப்பு ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். கேள்விக்கு மேலே, 'கல்லூரி மக்களுக்குப் பதில் சொல்வது' என்று ஒரு வரியும் சேர்க்கிறேன். தம்பி, அந்தப் பாட்டி கேட்டதை அப்படியே ஒரு கேள்வியாக வைக்கலாமா?
– மதுரை

வைக்கலாம், மேடம்.
– கோவை

சரி, அச்சுக்குப் போகட்டும். ஆனால் 'செவிசாய்ப்பு' என்பதை யாரும் விவாதிக்கவே இல்லையே? அப்புறம், 'கூறல்' செயலைத்தான் குறிக்கும், தன்மையை அல்ல. நாளை விரிவாக எழுதுகிறேன்.
– திருநெல்வேலி