புதுப்பிப்பு: ரேண்டம் ஃப்ளாஷ் ஒருவழியாக சரியானது

ராயபுரம் கானா கச்சேரிக்கு மேடையின் 12 எல்இடி பார் (PAR) லைட்டும் தாறுமாறாக மின்ன வேண்டும், சேஸை (லைட்டுகளை ஸ்டெப் ஸ்டெப்பாக மாற்றி எரியவிடும் புரோகிராம்) ரேண்டமில் போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரிகிறது, சீரியல் செட் மாதிரி இருக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன்.

நேற்று சரியானது. லைட்டுகளைக் கலைத்துப் பிரித்து 5 ஸ்டெப்பில் ஒரு சேஸ், 7 ஸ்டெப்பில் இன்னொன்று. இரண்டையும் ஒரே வேகத்தில் சேர்த்து ஓடவிட்டேன். 35 ஸ்டெப்புக்கு அப்புறம்தான் அதே கோலம் திரும்பும். டோலக் அடியில் அதை யார் எண்ணப் போகிறார்கள்! ஃபேட் நேரம் (லைட் மெல்ல ஏறி இறங்கும் நேரம்) பூஜ்யம்தான் வேண்டும். இல்லையென்றால் லைட் மின்னாது, மூச்சுவிடும். இரண்டிலும் ஒரு ஸ்டெப்பை வெறும் இருட்டாக விட்டதும்தான் உயிர் வந்தது.

ஒத்திகையில் முன்வரிசைப் பாட்டி, "கண்ணு கூசுது நைனா" என்றார். அந்தப் பக்க லைட் இரண்டையும் மேலே திருப்பிவிட்டேன்.