காஃபுக்குக் கீழே ஒரு புள்ளி: அடித்தால் பெட்டிதான் வருகிறது

கிண்ணியாக்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும். உம்மம்மாவிடம் ஒரு அரபுத்தமிழ்க் கிதாபு (தமிழை அரபு எழுத்தில் எழுதிய நூல்) இருக்கிறது, கல்லச்சில் போட்டது. 2004 சுனாமியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அலுமாரியின் மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. ஓரமெல்லாம் உப்புக் கறை. அவருக்கு இப்போது 81 வயது, கண் மங்கிவிட்டது. பெரிய எழுத்தில் அடித்துக் கொடுக்கலாம் என்று இறங்கினேன்.

சிக்கல் ககரத்தில். தமிழில் ஒரே க தான். கிதாபிலோ, வன்மையாக ஒலித்தால் சாதாரண காஃப் (அரபுக் ககரம்), குழைந்து ஒலித்தால் காஃபுக்குக் கீழே ஒரு புள்ளி. அரபு விசைப்பலகையில் அது இல்லை. இணையத்தில் தேடி ஒன்றை எடுத்து ஒட்டினேன். கைபேசியில் ஒழுங்காகத் தெரிகிறது, மடிக்கணினியில் வெறும் பெட்டி. பக்கத்து எழுத்துகளும் கைவிட்டுத் தனித்தனியே நிற்கின்றன. வேறு வழியில்லாமல், மேலே புள்ளி வைத்த காஃபைப் போட்டு ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தேன். உம்மம்மா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "புள்ளி கூரையில ஏறிட்டு, இறக்கு மகன்" என்றார். எப்படி இறக்குவது?

புள்ளிப்பித்தன்:
வஅலைக்கும் ஸலாம். மேலே புள்ளி வைத்த காஃப், மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறைக்கு உரியது. உங்களுக்கு வேண்டியது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 08பி4 (நடுவில் இருப்பது ஆங்கில பி). வேர்டில் அந்த நான்கையும் அடித்து, உடனே ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள், எழுத்து வரும்.

பெட்டி வந்தால் பயப்பட வேண்டாம். எழுத்து உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, எழுத்துருவில் அதற்கு உருவம் இல்லை, அவ்வளவுதான். வழக்கமான அரபு எழுத்துகள் 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இருந்தன. இது 2015இல், 8.0 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய எழுத்துருக்களுக்கு இந்தப் பிள்ளையைத் தெரியாது. ஷெஹெரஸாட் நியூ என்ற எழுத்துரு இலவசம், அதில் உண்டு. ஒன்று கவனம்: அந்த ஓரெழுத்துக்கு மட்டும் எழுத்துருவை மாற்றாதீர்கள், முழுப் பந்தியையும் மாற்றுங்கள். வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வந்த எழுத்து பக்கத்து எழுத்தோடு ஒட்டாது.

மூதூரான்:
இவ்வளவு பாடு எதற்குத் தம்பி? சாதாரண காஃபை அடித்து, பின்னால் கீழ்ப்புள்ளிக் குறியைப் போட்டால் முடிந்தது. நான் அப்படித்தான் 40 பக்கம் அடித்து வைத்திருக்கிறேன்.

புள்ளிப்பித்தன்:
காக்கா, கோபிக்காதீர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. மேலே ஹம்ஸாக் குறி ஏறிய அலிஃப் எழுத்தை ஒன்றாக அடித்தாலும் பிரித்து அடித்தாலும் யூனிகோடு சமமாகவே கொள்ளும். எழுத்தோடு பிறந்த புள்ளிக்கு அந்தச் சலுகை கிடையாது. பா, தா என்ற அரபு எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகள் மாதிரி, அது எழுத்தின் உடம்பு. அதோடு, கி என்று வர கஸ்ரு (எழுத்தின் கீழே வரும் இகரக் குறி) போட்டுப் பாருங்கள். சில மென்பொருள்கள் குறிகளை வரிசைப்படுத்தும்போது கஸ்ரை முன்னே தள்ளிவிடும், உங்கள் புள்ளி கஸ்ருக்கும் கீழே போய் விழலாம்.

மூதூரான்:
அப்போ 40 பக்கமும் போச்சா?

புள்ளிப்பித்தன்:
போகவில்லை. காஃபும் குறியும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் தேடி, 08பி4 ஆக மாற்றக் கட்டளை கொடுங்கள். ஒரு நிமிட வேலை. நடுவே கஸ்ரு புகுந்த இடங்களை மட்டும் தனியாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கிண்ணியாக்காரன்:
பெட்டி போய்விட்டது, ஜஸாக்கல்லாஹ் ஹைர். திருகோணமலை டவுனில் ஒரு கடைக்கு முதலில் வேர்ட் கோப்பாகவே கொண்டுபோனேன், அவர்களுடைய கணினியில் திரும்பவும் பெட்டி. பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்து, எழுத்துருவை உள்ளே பதித்துப் பிடிஎஃப் ஆக்கி, மறுநாள் எடுத்தேன்.

உம்மம்மா விரலை வைத்து ஓதிக்கொண்டே போனார். "இறங்கிட்டு" என்றார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. "இஞ்ச ஒரு நூன காணல்லயே மகன்?"

அது என் கைத்தவறு. யூனிகோடில் நூன் இருக்கிறது.