புலன் தொகுப்பா, ஒருங்கிணைப்பா, சீர்தூக்கலா?

> பல புலன்களின் செய்திகளை நரம்பு மண்டலம் சேர்த்துக் கையாளும் மல்ட்டிசென்சரி இன்டெக்ரேஷன் என்பதற்குப் 'பல்புலன் ஒருங்கிணைப்பு' என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். பள்ளி உயிரியலில் 'ஒருங்கிணைப்பு' ஏற்கெனவே கோஆர்டினேஷனுக்குப் போய்விட்டது. தசைகளும் சுரப்பிகளும் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்வதைத்தான் மாணவர்கள் அந்தப் பெயரில் படிக்கிறார்கள். அது செயல்படும் பக்கம். நாம் பெயர் தேடுவதோ, குறிகைகள் (சிக்னல்கள்) உள்ளே வந்த பிறகு, உடல் அசைவதற்கு முன் நடப்பதற்கு. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் வாசகர் திணறிப்போவார்.

எந்தச் சொல்லையும், ஆய்வகங்களில் வளர்க்கும் சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். 1 மி.மீ. நீளம். இருபாலுயிரி வகையில் 302 நரம்பணுக்கள், அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வெளியாகிவிட்டது. தலையில் ஆம்பிட் என்ற உறுப்பு, பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 12 புலன் நரம்பணுக்கள். அவற்றில் ஏ.எஸ்.எச். என்ற நரம்பணு செப்பு அயனி, மிகை ஊடுபரவல் அழுத்தம் போன்ற கெடுதல்களை உணரும். ஏ.டபிள்யூ.ஏ. என்பது டைஅசிட்டைலின் வெண்ணெய் மணத்தை உணரும்.

இரண்டையும் மோதவிடும் சோதனை எளிமையானது. அகார் தட்டின் நடுவே செப்பு உப்புக் கரைசலால் குறுக்குக் கோடு. ஒரு பக்கம் புழுக்கள். எதிர்ப்பக்கம் எத்தனாலில் ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த டைஅசிட்டைல், 1 மைக்ரோலிட்டர். மூடிவைத்து, ஒன்றரை மணி நேரம் கழித்து, தாண்டியவற்றை எண்ணி மொத்தத்தால் வகுக்க வேண்டும். செம்பு மட்டும், மணம் மட்டும் என்று இரண்டு ஒப்பீட்டுத் தட்டுகள் கட்டாயம். அவை இல்லாவிட்டால், புழு தாண்டாதது செம்பைக் கண்டு மிரண்டதாலா, மணமே எட்டாததாலா என்று சொல்ல வழியில்லை.

கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். தட்டில் ஈரம் மிஞ்சினால் புழுக்கள் நீர்த்துளியிலேயே நெளிந்துகொண்டிருக்கும். சரியாகக் கழுவாவிட்டால் கூடவே வரும் பாக்டீரியா உணவாகி அவற்றை அங்கேயே நிறுத்திவிடும். கழுவிக்கொண்டே நேரம் கடத்தினால் பசி கூடிவிடும், பசி முடிவையே மாற்றும். செப்புக் கோட்டை முன்கூட்டியே போட்டுவைத்தால் அகாரில் பரவி, கோடாக இல்லாமல் செறிவுச் சரிவாகிவிடும். மணத்தை அதிகம் வைத்தால் அதுவே விரட்டும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'பல்பொறி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரிவராது, பொறி என்றால் புலனுறுப்பு, இரண்டு நரம்பணுக்களும் ஒரே பொறிக்குள் இருக்கின்றன. 'பல்புலன்' என்பதிலும் இடறல் உண்டு. தொல்காப்பிய மரபியலின் மெய், நா, மூக்கு, கண், செவி வரிசைப்படி செம்பை நாவுக்கும் மணத்தை மூக்குக்கும் கொடுக்கலாம், ஆனால் புழுவில் அந்தப் பிரிவினையே இல்லை. ஆகவே 'பல்' வேண்டாம். 'புலன்' போதும்.

'குவிவு' (கன்வர்ஜென்ஸ்) என்ற பரிந்துரையும் போதாது. அது கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று மட்டும் சொல்லும். 2002-இல் வெளிவந்த ஹென்-1 ஆய்வைப் பாருங்கள். அந்த மரபணு பழுதான புழுக்கள் செம்பையும் மணத்தையும் தனித்தனியே உணர்கின்றன. இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் தடுமாறுகின்றன. அப்படியானால் உணர்தல் வேறு, உணர்ந்ததைச் சேர்த்துக் கணக்கிடுவது வேறு. அந்தக் கணக்குக்குத்தான் பெயர் வேண்டும். என் பரிந்துரை: புலன் சீர்தூக்கல். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று குறளிலேயே இருக்கிற சொல்.

---

வணக்கம். 'குவிவு' போதாது என்பதை ஏற்கிறேன். 'சீர்தூக்கல்' அழகாக இருந்தாலும் இரண்டு தடை.

ஒன்று, அது ஒன்றுக்கொன்று எதிரான குறிகைகளுக்கே பொருந்தும். பழ ஈயின் புழுப்பருவத்தில் நடப்பது வேறு. குளவி கொட்டினால் அது உருண்டு தப்பும். அதிர்வு மட்டும் வந்தால் உருள்வது அரிது. வலியோடு அதிர்வும் சேர்ந்தால் உருளும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. 2015-இல் வெளியான சுற்று வரைபடத்தில், பேசின் என்ற இடைநரம்பணுக்களில் (புலன் நரம்பணுவுக்கும் இயக்க நரம்பணுவுக்கும் நடுவே உள்ளவை) சில வலி, அதிர்வு இரண்டையும் நேரடியாகப் பெறுகின்றன. அதற்குப் பிறகும் பல படிகளில் சேர்க்கை நடந்து, கோரோ என்ற கட்டளை நரம்பணுவை எட்டுகிறது. இங்கே எதை எதற்கு எதிராகத் தூக்குவது?

இரண்டாவது, சீர்தூக்கல் என்றதும் ஆராய்ந்து பார்க்கும் மனம் ஒன்று நினைவுக்கு வரும். நரம்பணுக்களின் மின்னழுத்தம் கூடிக் குறைவதை அப்படிச் சொன்னால், பொதுவாசகர் அதை நிஜமாகவே எடுத்துக்கொள்வார்.

'தொகுப்பு' என் தேர்வு. வினையாகவும் வரும்: 'இடைநரம்பணு இரு குறிகைகளையும் தொகுக்கிறது.' பெயரடையாகவும் வரும்: 'தொகுப்பு நரம்பணு'.

---

தொகுப்பு என்றால் கட்டுரைத் தொகுப்பு போல உறுப்புகள் தனித்தனியாகவே இருப்பதாகத் தோன்றாதா என்று தயங்கினேன். ஆனால் கணிதத்தில் 'தொகையிடல்' இன்டெக்ரேஷனுக்கே வழங்குகிறது. அதே தொகு என்ற வேர் இங்கும் வருவது பலம்தான். பொதுச்சொல்லாக 'புலன் தொகுப்பு' இருக்கட்டும். 'புலத்தொகுப்பு' என்று எழுத வேண்டாம், காந்தப்புலம், மின்புலம் போல 'புலம்' இயற்பியலுக்கு வேண்டும். சொற்களைப் பிரித்தே எழுதுவோம். சேர்த்தால் பழைய புணர்ச்சிப்படி எழுத்து திரியும், இன்று யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

'சீர்தூக்க'லை விடவும் மனமில்லை. எதிர்க்குறிகைகள் மோதும் இடத்துக்கு மட்டும், தொகுப்பின் ஒரு வகையாக, அதை வைத்துக்கொள்ளலாம். 2016-இல் வந்த பசி ஆய்வு அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஊடுபரவல் அழுத்தம் மிகுந்த அடர் பிரக்டோஸ் (சர்க்கரை) வளையத்துக்குள் எலிகன்ஸ் புழு, வெளியே டைஅசிட்டைல். வயிறு நிறைந்தவை பெரும்பாலும் உள்ளேயே இருந்துவிடும், பட்டினி கிடந்தவை வளையத்தைக் கடக்கும். ஆர்.ஐ.எம். என்ற நரம்பணு டைரமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, ஆபத்தை உணரும் ஏ.எஸ்.எச்.சையே கூர்மையாக்குகிறது. பசியில் அந்தக் கூர்மை தளர்கிறது. குறிகை உள்ளிருந்து புலனை நோக்கித் திரும்புவதால், தொகுப்பு 'இடைநரம்பணுவில் நடப்பது' என்று வரையறுத்தால் பிழையாகிவிடும். வரையறையில் இடத்தைச் சொல்லாமல் விடுங்கள்.

24 கண்களுள்ள கரீபியப் பெட்டி ஜெல்லிமீன், காட்சியையும் மோதலையும் சேர்த்துத் தடையைத் தவிர்க்கக் கற்றுக்கொள்வதாக 2023-இல் வந்ததை இதில் நுழைக்க வேண்டாம். அதற்கு 'இணைத்துக் கற்றல்' இருக்கிறது.

கலைச்சொல் பட்டியலுக்கான வாசகம் இது. புலன் தொகுப்பு: இரண்டோ அதற்கு மேலோ புலன் குறிகைகள் சேர்வதால், தனித்தனியே தோன்றாத துலங்கல் (ரெஸ்பான்ஸ்) தோன்றுவது, அல்லது துலங்கலின் வாய்ப்போ அளவோ மாறுவது. 'குவிவு' நரம்பிணைப்பின் அமைப்புக்கு மட்டும். 'ஒருங்கிணைப்பு' பாடநூலில் இருக்கும் பொருளிலேயே இருக்கட்டும்.