ஃபேட் டயர் சைக்கிள எலக்ட்ரிக்கா மாத்தணும், ஒரு சார்ஜ்ல 100 கிமீ நிஜமாவே போகுமா?

மிதிவண்டிப்பித்தன்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன். என்கிட்ட 26க்கு 4 இன்ச் டயர் போட்ட ஃபேட் சைக்கிள் ஒன்னு சும்மா கிடக்கு. அலுமினியம் ஃபிரேம், கேபிள் டிஸ்க் பிரேக், நல்ல கண்டிஷன்தான். அத வீட்டிலேயே எலக்ட்ரிக்கா மாத்தி ஒரு சார்ஜ்ல 100 கிமீ ஓட்டணும்னு ஆசை. பெடல் அப்பப்ப மிதிப்பேன், ஆனா முட்டி கொஞ்சம் தகராறு பண்ணுது, அதனால ரொம்ப நம்ப வேணாம்.

ஆன்லைன்ல 48 வோல்ட் 20 ஆம்ப்ஹவர் பேட்டரி ஒன்னு பாத்தேன், 100 கிமீ ரேஞ்ச்னு எழுதியிருக்கான். இது போதுமா? மோட்டார் பின் வீல்ல ஹப் போடறதா இல்ல பெடல் கிட்ட வர்ற மிட் டிரைவ் போடறதா? அப்புறம் இன்னொன்னு, ஃப்ரெண்டு ஒருத்தன் பழைய 48 வோல்ட் 13 ஆம்ப்ஹவர் பேட்டரி தர்றேன்னு சொல்றான், புதுசோட இதையும் சேத்து பேரலல்ல மாட்டிட்டா ரேஞ்ச் கூடிடும்ல? எலக்ட்ரிக்கல் எனக்கு சுமாரா தெரியும், சால்டரிங் வரும்.

---

வாட்மீட்டர்_தாத்தா:

தம்பி, அந்த 100 கிமீ யாரு ஓட்டி பாத்ததுன்னு கேளுங்க. எடை கம்மியான ஆள், எதிர்காத்து இல்ல, அசிஸ்ட் (மிதிக்கறப்ப மோட்டார் தர்ற உதவி) ஒன்னாம் நம்பர்ல வச்சு முழுக்க முழுக்க மிதிச்சுக்கிட்டே போயிருப்பான். பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா அது உங்க ரேஞ்ச் இல்ல.

ஆம்ப்ஹவர விட்டுடுங்க, வாட்ஹவர்ல யோசிங்க. 48ஐ 20ஆல பெருக்கினா 960 வாட்ஹவர். அதையும் அடி வரைக்கும் சுரண்ட முடியாது, ஒரு 90 சதவீதம்னு வச்சா 860 சொச்சம். இப்ப உங்க வண்டி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட்ஹவர் தின்னுதுங்கறதுதான் எல்லாமே. என் ஃபேட் வண்டில மீட்டர் மாட்டி பாத்தப்ப, தார் ரோட்ல 25 கிமீ வேகத்துல மிதிக்காம த்ராட்டில்ல மட்டும் போனா 14 கிட்ட வந்துச்சு. அதே ரோட்ல 40ல போனா 25. வேகத்துக்கு காத்து போடற வரி அது, வேகம் ஏற ஏற அதோட வர்க்கத்துல ஏறும், மோட்டார் பவர்னு பாத்தா வேகத்தோட மூணாவது அடுக்குல ஏறும். கூடவே ஏத்தம். நீங்களும் வண்டியும் சேந்து 130 கிலோன்னு வைங்க, ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் ஏறவும் 45லருந்து 50 வாட்ஹவர் தனியா போயிடும், எறங்கும்போது அதுல பாதிகூட திரும்ப வராது.

ஆக அந்த பேட்டரி 25ல போனா 60 கிமீ தாங்கும், 40ல போனா 35 கூட சந்தேகம். 100 வேணும்னா, சராசரி 18னு பாதுகாப்பா கணக்கு போட்டாலே 1800, மேல கொஞ்சம் மிச்சம் சேத்து 2000 வாட்ஹவர் வரும். 21700ங்கற சைஸ் செல்லு, ஒன்னு 5 ஆம்ப்ஹவர், 14எஸ் 8பி, அதாவது 8 செல்ல பேரலல்ல சேத்த குரூப்பு 14 வரிசையா (சீரிஸ்ல), மொத்தம் 112 செல்லு. ஒரு செல்லு கிட்டத்தட்ட 70 கிராம், செல்லு மட்டுமே 8 கிலோ பக்கம், பெட்டியோட 10. இந்த எடைய பின்னாடி கேரியர்ல மட்டும் வச்சிடாதீங்க, வண்டி வாலாட்டும். ஃபிரேம் முக்கோணத்துக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு ஒரு அட்டைய வெட்டி வச்சு பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

டயர் காத்தும் பாருங்க. மணல்ல 8 பிஎஸ்ஐ சுகம், அதே காத்தோட தார் ரோட்டுக்கு வந்தா எனக்கு கிலோமீட்டருக்கு 4, 5 வாட்ஹவர் கூட ஆச்சு. 20 பிஎஸ்ஐ வச்சதும் வேற வண்டி மாதிரி ஓடுச்சு. (டயர் சைடுல போட்டிருக்கற மேக்ஸிமத்த தாண்டாதீங்க.) கட்டைங்க பெருசா இருக்கற டயர மாத்தி ரோட்டு பேட்டர்ன் போட்டா இன்னும் மிச்சம், கூடவே அந்த ஙொய்ங் சத்தமும் போயிடும்.

---

கடைசி_கியர்:

மோட்டார் விஷயம் நான் சொல்றேன், ஏன்னா ரெண்டையும் போட்டு அடி வாங்கினவன். வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கேல எடுத்து ரெண்டு இடம் அளந்துருங்க. பின் வீல் மாட்டற டிராப்அவுட்டுக்கு உள்பக்க அகலம் ஒன்னு, ஃபேட் சைக்கிள்ல பெரும்பாலும் 170 இல்லன்னா 190 மில்லி இருக்கும், 177, 197ன்னு இருந்தா அது த்ரூ ஆக்ஸில் (ஓட்டை வழியா முழுசா சொருகற அச்சு), ஹப் மோட்டார் அதுல அவ்வளவு சுலபமா உக்காராது. அடுத்து பெடல் கிராங்க் போற குழாய், பாட்டம் பிராக்கெட், அதோட அகலம். சாதா சைக்கிள்ல 68, 73 இருக்கும், ஃபேட்ல 100 இல்லன்னா 120. பாஃபாங் பிபிஎஸ்எச்டி மாதிரி மிட் டிரைவ் 100க்கும் 120க்கும் தனித்தனியா வருது, அளக்காம ஆர்டர் போட்டு திருப்பி அனுப்பினவன் நான், சிரிக்காதீங்க.

உங்க முட்டிக்கு, மேடு ஜாஸ்தி இருந்தா, என் ஓட்டு மிட் டிரைவுக்கு. மோட்டார் உங்க கியர் வழியா வேலை செய்யுது, ஏத்தத்துல சின்ன கியர் போட்டா மோட்டார் அதுக்கு புடிச்ச வேகத்துலயே சுத்தும், சூடாகாது, கரண்டும் கம்மி. ஹப்ப மெதுவா மேட்டுல ஏத்தினா கரண்ட் எல்லாம் சூடாத்தான் போகும், கியர்டு ஹப்னா உள்ள இருக்கற நைலான் பல்லு முதல்ல போகும். ஆனா மிட் டிரைவ் செயின தின்னும், அதுக்கு ரெடியா இருங்க. கியர் மாத்தும்போது த்ராட்டில விட்டுட்டு மாத்துங்க.

சமதரை மட்டும்தான்னா டைரக்ட் டிரைவ் ஹப் (உள்ள கியர் இல்லாதது) நிம்மதி, உள்ள தேயறதுக்கு பேரிங்க தவிர எதுவும் இல்ல, பிரேக்ல கொஞ்சம் சார்ஜும் திரும்பும். அத நம்பி ரேஞ்ச் கணக்கு போடாதீங்க, பிரேக் பேட் மிச்சமாகும் அவ்வளவுதான். எந்த ஹப்னாலும் டார்க் ஆர்ம் (ஆக்ஸில் சுத்தாம ஃபிரேமோட புடிச்சு வைக்கற பட்டை) ரெண்டு பக்கமும் போடணும். எனக்கு ஒரு பக்கம் மட்டும் போட்டு, அலுமினியம் டிராப்அவுட் வாய பொளந்து, ஆக்ஸில் உள்ளயே சுத்தி, மோட்டார் ஒயர் மொத்தமும் முறுக்கு மாதிரி ஆகி அறுந்துச்சு. நல்லவேளை அப்ப வேகம் இல்ல.

பிரேக்கு கேபிள்ல இருக்குன்னீங்க, ஹைட்ராலிக்கு மாத்திருங்க. லீவர புடிச்சதும் மோட்டார் கட் ஆகற சென்சாரும் வேணும். இதுல யோசனையே வேணாம்.

---

பத்தவச்சபையன்:

சால்டரிங் வரும்னு சொன்னத பாத்ததும் பயந்துட்டேன் ப்ரோ 😅 லித்தியம் செல்லு மேல நேரா சால்டர் பண்ணிடாதீங்க, அந்த சூடு உள்ள இருக்கற சீல், செப்பரேட்டர் எல்லாத்தையும் கெடுக்கும், இன்னிக்கு ஒன்னும் தெரியாது, ஆறு மாசம் கழிச்சு தெரியும். ஸ்பாட் வெல்டர்தான். செல்லோட பாசிட்டிவ் மூக்க சுத்தி இருக்கற விளிம்பே நெகட்டிவ், நடுவுல இருக்கறது ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் உறை, அதனால ஒவ்வொரு செல்லுக்கும் பேப்பர் வாஷர் போடாம நிக்கல் பட்டைய வைக்கவே கூடாது. அந்த பட்டையும் சுத்த நிக்கலான்னு பாருங்க, நிக்கல் பூசின இரும்ப நிக்கல்னு விப்பாங்க. கொஞ்சம் சுரண்டி உப்புத்தண்ணில ஒரு நாள் போடுங்க, துரு புடிச்சா இரும்பு. நான் போடாம 60 செல்லு வெல்டு பண்ணி அப்புறம் எல்லாத்தையும் பிச்சேன், என் பேரு எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க.

முதல் பேட்டரிய செஞ்சு வாங்கிடுங்கங்கறதுதான் என் கருத்து. பிஎம்எஸ் (பேட்டரி செல்லுங்கள காக்கற சர்க்யூட்டு) தாங்கற கரண்ட், கன்ட்ரோலர் (மோட்டாருக்கு கரண்ட் விடற பெட்டி) இழுக்கறத விட கூட இருக்கணும், 30 ஆம்ப் கன்ட்ரோலர்னா 40 ஆம்ப் பிஎம்எஸ். பழைய லேப்டாப் செல்லு வேணவே வேணாம்.

இப்ப அந்த பேரலல் ஆசை. ஃப்ரெண்டு தர்ற 48 வோல்ட் அநேகமா 13எஸ், ஃபுல் சார்ஜ்ல 54.6 வோல்ட். தாத்தா சொன்ன 14எஸ் ஃபுல்லா இருந்தா 58.8. ரெண்டையும் நேரா சேத்தா பெருசுல இருந்து சின்னதுக்கு கரண்ட் கொட்டும், நடுவுல தடுக்க ஒயர் மட்டும்தான். சின்னதுல செல்லு 4.2 வோல்ட் தாண்டிப் போகும். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எழுத விரும்பல.

---

மிதிவண்டிப்பித்தன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அந்த கடைசி பாராவ படிச்சிட்டு ஃப்ரெண்டுக்கு போன் பண்ணி கேட்டேன், 13எஸ்தானாம். அப்போ அத வாங்க வேணாமா? அளந்தும் பாத்துட்டேன், பின்னாடி 170, பாட்டம் பிராக்கெட் 100. எங்க பக்கம் மேடு ஜாஸ்தி, அதனால மிட் டிரைவ் முடிவு பண்ணிட்டேன்.

---

வாட்மீட்டர்_தாத்தா:

வாங்குங்க தம்பி, ஆனா சேக்கறதுக்கு இல்ல. முதல்ல மோட்டார போட்டு அந்த 13 ஆம்ப்ஹவர் பேட்டரிய மட்டும் மாட்டி ஒரு மாசம் ஓட்டுங்க. பழசுங்கறதால ஃபுல் சார்ஜ் பண்ணி ஒவ்வொரு செல் குரூப்பும் ஒரே வோல்ட்ல நிக்குதான்னு பாத்துட்டு மாட்டுங்க, ராத்திரி தூங்கும்போது சார்ஜ்ல விடாதீங்க. உங்க ரோடு, உங்க எடை, உங்க முட்டி, எல்லாத்தோடயும் கிலோமீட்டருக்கு எத்தனைன்னு மீட்டர் சொல்லிடும். 12 வந்துச்சுன்னா 112 செல்லு எதுக்கு, 84 போதும், ரெண்டு கிலோ பக்கம் குறையும். 22 வந்துச்சுன்னா 112ம் பத்தாது, வேகத்த குறைக்கறதா செல்ல கூட்டறதான்னு அப்ப முடிவு பண்ணலாம். டிஸ்ப்ளேல வர்ற பேட்டரி கட்டைய நம்பாதீங்க, அது வோல்ட்ட பாத்து குத்துமதிப்பா சொல்றது, மேடு ஏறும்போது ரெண்டு கட்டை காணாம போயி எறங்கும்போது திரும்ப வரும்.

புது பேட்டரி வந்தப்புறம் பழசையும் எடுத்துட்டு போகணும்னா, ஒன்னு தீந்ததும் கழட்டிட்டு இன்னொன்ன மாட்டுங்க. கன்ட்ரோலர் ரெண்டு வோல்டேஜையும் தாங்குமான்னு மட்டும் முன்கூட்டியே பாத்துக்குங்க.

---

மிதிவண்டிப்பித்தன்:

சூப்பர் தாத்தா, மீட்டர் ஆர்டர் போட்டாச்சு, ஷன்ட் (கரண்ட அளக்கற சின்ன ரெசிஸ்டர்) தனியா வர்ற டைப். அத பிளஸ்ல போடணுமா மைனஸ்லயா?

---

பத்தவச்சபையன்:

அந்த டைப் பெரும்பாலும் மைனஸ்லதான், மேனுவல்ல ஒருதடவ பாத்துக்குங்க. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல. கனெக்டர் எக்ஸ்டி90 ஆன்டி ஸ்பார்க் போடுங்க, இல்லன்னா முதல் தடவ மாட்டும்போது பட்டுனு ஒரு பொறி வரும், கைய உதறி மீட்டர கீழ போட்டுடுவீங்க.