ஹைடியும் கிளாராவும்: ஒப்பிடச் சொன்னபோது நடந்தவை

ஆசிரியை ஒருவர்:
சுவிஸ் எழுத்தாளர் யோஹன்னா ஸ்பீரியின் ‘ஹைடி’ நாவலை வாசித்து முடித்ததும், மலையில் தாத்தாவிடம் வளர்ந்த ஹைடியையும் பிராங்க்பர்ட் செல்வந்தர் மகள் கிளாராவையும் ஒப்பிடுமாறு ஏழாம் வகுப்பில் கேட்டேன். ஏழை, பணக்காரி, 8 வயது, 12 வயது, துள்ளித் திரிபவள், சக்கர நாற்காலியில் இருப்பவள் என்று கரும்பலகை நிரம்பிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். “இரண்டு பேருக்குமே அம்மா இல்லையே டீச்சர், அதை எந்தப் பக்கம் எழுதுவது?” என்றாள். அவள் யாரிடம் வளர்கிறாள் என்பதை நான் அறிவேன் என்பதால், அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

முதல் மறுமொழி:
தாயில்லாத துயரம் இருவரையும் சமமாக்கிவிடாது என்பதே என் கருத்து. மலையில் ஆடு மேய்க்கும் சிறுவன் பீட்டரின் பார்வையற்ற பாட்டியால் கறுப்பு ரொட்டியை மெல்ல முடியாது என்பதற்காக, கிளாராவுக்குத் துணையாக அவள் வீட்டில் தங்கியிருக்கும் ஹைடி, சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் வெள்ளை ரொட்டிகளை அலமாரியில் ஒளித்துச் சேர்க்கிறாள். அந்த வீட்டை நிர்வகிக்கும் ரோட்டன்மையர் அம்மையார் அவற்றை அப்புறப்படுத்தச் சொன்னதும் கதறுகிறவளிடம், ஊருக்குப் போகும்போது அதைவிட அதிகமாகப் புது ரொட்டி தருவதாகக் கிளாரா தேற்றுகிறாள். சொன்னபடியே கூடை நிறையத் தரவும் செய்கிறாள். விடுதியில் என் தம்பிக்காக நான் எடுத்துவைத்திருந்த பிஸ்கட்டுகளைப் பார்த்த தோழி, “இதையா கொண்டுபோகிறாய்? வா, பேக்கரியில் வாங்கித் தருகிறேன்” என்று வாங்கியும் தந்தாள். தம்பி ஆசையாகச் சாப்பிட்டான். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

இரண்டாம் மறுமொழி:
உங்கள் தோழியின் மீதுள்ள வருத்தத்தைக் கிளாராவின் மீது இறக்கிவைக்கிறீர்கள். ஹைடி ஊர் திரும்பினால் தனக்கு மறுபடியும் தனிமைதான் என்று தெரிந்தும் அவளை வழியனுப்பிய பிள்ளை அவள். என் அக்கா மகன் இந்தக் கதையில் இருவரையும் விட்டுவிட்டு, “பீட்டர் ஏன் கிளாராவின் நாற்காலியை மலையிலிருந்து உருட்டிவிட்டான்?” என்றுதான் கேட்டான், அவன் பள்ளி நண்பனுக்குப் புதுக் கூட்டாளி கிடைத்திருந்த சமயம் அது.

ஆசிரியைக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1880இல் வந்த முதல் பாகத்தோடு நிறுத்தாமல், 1881இல் வந்த இரண்டாம் பாகத்தையும் வாசிக்கவைத்த பிறகே ஒப்பிடச் சொல்லுங்கள். திரைப்படத்தை முதலில் காட்டிவிட்டால், பிள்ளைகள் படத்தில் பார்த்ததையே விடையாக எழுதுவார்கள். யாரிடம் என்ன இருந்தது என்று கேட்பதைவிட, யாருக்கு எந்த இடம் ஒத்துக்கொண்டது என்று கேளுங்கள்: பிராங்க்பர்ட்டில் ஏக்கம் தாளாமல் ஹைடி தூக்கத்தில் நடக்கிறாள், கிளாராவோ மலைக்காற்றிலும் ஆட்டுப்பாலிலும் தேறி எழுந்து நடக்கிறாள். பலகையில் பீட்டருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். உங்கள் கடைசி வரிசை மாணவியிடமே சாக்பீஸைக் கொடுத்துவிடலாம்.